பழைய அவுட்போர்டு மோட்டாரில் பொறி வரவில்லையா? வெளியிலிருந்து உள்ளே தேடும் முறை

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், கயிற்றைப் பத்து முறை இழுத்தும் அசையாமல் கிடந்தால், கை தானாக ஸ்பேனரைத் தேடிப் போகும். மேல் மூடியைத் திறந்து, ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து பொறுங்கள். பழைய மோட்டார்களில் இக்னிஷன், அதாவது பொறி உண்டாக்கும் அமைப்பின், கோளாறு என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு பிளக்கிலும், பிளக் ஒயரிலும், நிறுத்தும் பொத்தானிலும் முடிந்துவிடுகிறது. இவற்றைப் பார்க்க ஃப்ளைவீலைத் தொடவே தேவையில்லை. அதனால் இந்த வழிகாட்டி பிளக்கில் தொடங்கி, ஒவ்வொரு அடுக்காக உள்ளே போகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாது. அதே கோளாறு மறுபடி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

இங்கே பெரும்பாலும் பேசப்போவது 1950களிலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை வந்த, பேட்டரி இல்லாமல், சுழலும் காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் மேக்னெட்டோவில் ஓடும், பாயிண்ட் (திறந்து மூடும் மின்தொடர்பு முனைகள்) வைத்த சிறிய இரட்டைச் சிலிண்டர் மோட்டார்களைப் பற்றி. ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் இரண்டு காயில், இரண்டு பாயிண்ட், இரண்டு கண்டன்சர் என்று இருக்கும் அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். மற்ற தயாரிப்புகளிலும் தத்துவம் ஒன்றுதான். அளவுகளை மட்டும் அந்தந்த மோட்டாரின் சர்வீஸ் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொறி எப்படிப் பிறக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃப்ளைவீலின் உட்புறத்தில் காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. அது சுழலும்போது காயிலின் இரும்பு அச்சைக் கடந்து போகிறது. அச்சுக்குள் காந்தப்புலம் ஏறி இறங்குவதால், காயிலின் தடித்த கம்பிச் சுற்றில், அதாவது பிரைமரியில், மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை அந்த மின்சாரத்திற்குச் சுற்றி வர வழி இருக்கிறது. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டில் உள்ள கேம் என்ற மேடு பாயிண்டைத் திறக்கும் கணத்தில் வழி அறுகிறது, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவு, பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பியில், அதாவது செகண்டரியில், பல ஆயிரம் வோல்ட்டை எழுப்பி பிளக்கின் முனையில் பொறியாகத் தாவ வைக்கிறது.

கண்டன்சரின் வேலை, பாயிண்ட் திறக்கும் நேரத்தில் அங்கே பொறி தெறிக்காமல் அந்த மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொள்வது. அது செத்துப்போனால் பொறி பிளக்கில் குதிக்க வேண்டியதற்குப் பதிலாகப் பாயிண்டிலேயே குதித்து, பாயிண்டைத் தீய்த்துவிடும்.

இதிலிருந்து ஒன்றை மனத்தில் வையுங்கள்: பொறியின் வலிமை, பாயிண்ட் எவ்வளவு சுத்தமாக மூடுகிறது, எவ்வளவு கூர்மையாகத் திறக்கிறது என்பதைப் பொறுத்தது. காந்தம் வலுவிழப்பது அபூர்வம். ஆனாலும் மோட்டார் ஓடவில்லை என்றவுடன் பலர் முதலில் பழி போடுவது காந்தத்தின் மீதுதான்.

கருவியை எடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

கோளாறு எப்போது வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இதை வற்புறுத்தியே சொல்வேன், ஏனென்றால் பதில் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

இரண்டு சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் பொறி போய்விட்டதா? இரண்டு காயிலும் ஒரே நாளில் சாவது அரிது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள்: நிறுத்தும் பொத்தான், அதன் ஒயர், காயில்கள் அமர்ந்திருக்கும் தட்டின் எர்த், நீண்ட நாள் சும்மா கிடந்ததால் இரண்டு பாயிண்டிலும் படிந்த ஆக்சைடு. ஒரு சிலிண்டரில் மட்டும் போய்விட்டதா? அப்படியானால் அந்தப் பக்கத்துக் காயில், பாயிண்ட், கண்டன்சர், பிளக் ஒயர் ஆகிய நான்கில் ஒன்று. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் நிற்கிறதா? காயிலின் மேல் முதல் சந்தேகம். பொறி நன்றாகவே இருந்தும் மோட்டார் பின்னோக்கி உதைக்கிறதா, கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறதா? ஃப்ளைவீலை ஷாஃப்டில் சரியான நிலையில் நிறுத்தும் கீ பாதி அறுந்திருக்கலாம். வேகம் கூட்டும்போது மட்டும் ஒரு சிலிண்டர் விடுபடுகிறதா? அதற்குப் பின்னால் தனியாக வருகிறேன்.

இன்னொன்று. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது, இல்லாத மோட்டாருக்கு எவ்வளவு நல்ல பொறி கொடுத்தாலும் பயனில்லை. கேஜ் வைத்து இரண்டு சிலிண்டரையும் அளந்துவிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தால் பொறியைத் தேடலாம். ஒன்று மற்றதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் முதலில் கவனிக்க வேண்டியது வேறு இடம்.

முதல் படி: பொறியை அளப்பது

பிளக்கைக் கழற்றி எஞ்சினின் மேல் வைத்துக் கயிற்றை இழுத்து, ஒரு சின்னப் பொறி தெரிந்ததும் “இக்னிஷன் நன்றாக இருக்கிறது” என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. பிளக்கின் இடைவெளி மிகச் சிறியது. திறந்த காற்றில் அதைத் தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் தாண்டுவதற்கு அதைவிடப் பல மடங்கு வலிமை வேண்டும். அதனால் இடைவெளியை மாற்றியமைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். பாயிண்ட் வைத்த மேக்னெட்டோவுக்கு அதில் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டால் மோட்டார் லேசாகச் சுற்றும். கயிற்றை வேகமாக இழுக்கும்போது அந்த இடைவெளியை நீல நிறத்தில் ‘டக்’ என்ற ஓசையோடு ஒவ்வொரு சுற்றிலும் தாண்ட வேண்டும். மஞ்சளாகவோ, மெல்லிய இழையாகவோ, விட்டுவிட்டோ வந்தால் அது நல்ல பொறி அல்ல.

பாதுகாப்பு விஷயத்தில் இங்கே அலட்சியம் கூடாது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். டெஸ்டரை அந்தத் துளைக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். எரிபொருள் குழாயைக் கழற்றி, டாங்கைத் தூர வையுங்கள். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். சோதிக்காத மற்ற பிளக் ஒயரை எஞ்சினின் உலோகத்தோடு எர்த் செய்துவிடுங்கள். பொறிக்குப் போக வழியில்லாமல் ஒயரைத் திறந்து விட்டால், அந்த வோல்ட் காயிலின் உள்ளுறையைத் துளைத்துக்கொண்டு வழி தேடும். நல்ல காயிலைச் சோதனை செய்தே கெடுத்தவர்கள் உண்டு.

இரண்டாம் படி: பிளக்கும் அதன் ஒயரும்

புதிய பிளக் போட்டுப் பாருங்கள். பல பழைய சிறு மோட்டார்களுக்கு இடைவெளி 0.030 அங்குலம், சுமார் 0.75 மில்லிமீட்டர். பழைய பிளக்கைத் தூக்கி எறியுமுன் அதன் முகத்தைப் பாருங்கள். ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை என்று பொருள். முற்றிலும் உலர்ந்திருந்தால் உங்கள் சிக்கல் கார்புரேட்டரில் இருக்கலாம்.

பிளக் அடிக்கடி கறுக்கிறது என்பதற்காக ஆயிலைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள். 1964க்கு முந்தைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்கு 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பதுதான் விதி. அவற்றில் பலவற்றின் தாங்கிகள் அந்த ஆயிலை நம்பித்தான் பிழைக்கின்றன. பிளக்கைக் காப்பாற்றப் போய் கிராங்க் ஷாஃப்டை இழக்க நேரும்.

அடுத்து ஒயர். நடுவில் செப்புக் கம்பி உள்ள ஒயர்தான் இந்த மோட்டார்களுக்குச் சரி. கார்களுக்கு வரும் கார்பன் இழை ஒயர் இங்கே வேண்டாம். பிளக் தொப்பியை ஒயரிலிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே உள்ள சுருள் ஸ்பிரிங்கின் முனை ஒயரின் உறையைக் குத்திக்கொண்டு செப்பைத் தொட்டிருக்க வேண்டும். பல சமயம் அந்த முனை துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், அல்லது செப்பு பச்சைப் பொடியாக மாறியிருக்கும். ஒயரின் நுனியில் ஒரு சிறு துண்டை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால் போதும்.

இருட்டில் ஒரு சோதனை செய்யலாம். டெஸ்டரை மாட்டி, எரிபொருளெல்லாம் தூர இருக்கும் நிலையில், விளக்கை அணைத்துவிட்டுக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். உறை வெடித்த ஒயரிலிருந்து எஞ்சினின் உடம்புக்கு நீலக் கீற்று தாவுவது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

மூன்றாம் படி: நிறுத்தும் பொத்தான்

மேக்னெட்டோ மோட்டாரை நிறுத்துவது என்றால், பிரைமரி மின்சாரத்தை எர்த்துக்கு வழிதிருப்பி விடுவது. பாயிண்ட் திறந்தாலும் மின்சாரம் அறுவதில்லை, பொறி பிறப்பதில்லை. பொத்தானுக்குள் உப்பு நீர் புகுந்து துருவேறினாலோ, அதன் ஒயர் எங்காவது உரசி உறை போனாலோ மோட்டார் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும். இரண்டு சிலிண்டரின் பிரைமரியையும் ஒன்றோடொன்று இணைத்து நிறுத்தும் அமைப்பும் சில மோட்டார்களில் உண்டு. அங்கே இரண்டு ஒயர்களும் உறை போய் ஒன்றையொன்று தொட்டால் இரண்டு பக்கமும் செத்ததுபோலத் தெரியும்.

சோதனை எளிது. பொத்தானுக்குப் போகும் ஒயரை மேக்னெட்டோப் பக்கத்தில் கழற்றிவிட்டு, அதன் முனை எதையும் தொடாமல் ஒதுக்கி வைத்து மறுபடி பொறி பாருங்கள். பொறி வந்துவிட்டால் குற்றவாளி பொத்தான் அல்லது அதன் ஒயர். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: இந்த நிலையில் மோட்டார் கிளம்பினால் பொத்தானால் நிறுத்த முடியாது. சோக்கை முழுதும் மூடித்தான் நிறுத்த வேண்டும். அதனால் பிளக்கைக் கழற்றிய நிலையிலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 1950களின் பல சிறிய மோட்டார்களில் இந்தப் பொத்தானே கிடையாது. அப்படியானால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள்.

நான்காம் படி: ஃப்ளைவீலைக் கழற்றுவது

இதுவரை பொறி வரவில்லை என்றால் இப்போது உள்ளே போக நியாயம் இருக்கிறது. சில மோட்டார்களின் ஃப்ளைவீலில் ஒரு சிறு மூடி இருக்கும். அதை நீக்கினால் பாயிண்ட் தெரியும். இருந்தால் முதலில் அதன் வழியாக எட்டிப் பாருங்கள்.

நட்டைக் கழற்றும்போது ஃப்ளைவீலைப் பட்டை ரெஞ்சால் பிடியுங்கள். ஃப்ளைவீலின் மையத்தில் புல்லர் போல்ட்டுக்காக மரை வெட்டிய மூன்று துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாட்டி இழுக்கும் தட்டையான புல்லர்தான் வேண்டும். விளிம்பைக் கொக்கியால் பற்றி இழுக்கும் வகைப் புல்லர் ஃப்ளைவீலை வளைத்துவிடும். அடியில் திருப்புளியைக் கொடுத்து நெம்புவது அதைவிட மோசம், காயிலும் தட்டும் சேர்ந்து உடையும். நட்டைத் தலைகீழாக இல்லாமல், ஷாஃப்டின் நுனியோடு சமமாக நிற்கும்படி திருப்பி விட்டுவிட்டுப் புல்லரை இறுக்குங்கள். மரை காப்பாற்றப்படும். நன்றாக இறுகியதும் புல்லரின் நடு போல்ட்டின் தலையில் சுத்தியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் ஃப்ளைவீல் ‘படார்’ என்று விடுபடும். எடுத்ததும் காந்தப் பக்கம் மேலாக, இரும்புத் தூளில்லாத இடத்தில் வையுங்கள். கீழே போட்டுவிடாதீர்கள்.

உடனே கீயைப் பாருங்கள். அரை நிலா வடிவச் சிறு உலோகத் துண்டு அது. அதன் பக்கத்தில் ஒரு படிபோல வெட்டு விழுந்திருந்தால், ஃப்ளைவீல் தன் இடத்திலிருந்து நகர்ந்து போயிருக்கிறது, பொறி தவறான நேரத்தில் விழுகிறது என்று பொருள். புதிய கீ போடுங்கள். அது அறுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நட்டு தளர்வாக இருந்ததுதான்.

ஐந்தாம் படி: தொடாமல் பார்ப்பது

ஃப்ளைவீல் போனதும் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் வெறுமனே பாருங்கள். ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பது பின்னால் உதவும். உள்ளே எங்கும் ஆயில் படலம் பூத்திருக்கிறதா? அப்படியானால் கிராங்க் ஷாஃப்டின் மேல் சீல் கசிகிறது. கிராங்க் கேஸிலிருந்து வரும் பெட்ரோல்-ஆயில் ஆவிதான் பாயிண்டில் படிகிறது. பாயிண்டை எத்தனை முறை துடைத்தாலும் சீலை மாற்றாதவரை அது திரும்ப வரும்.

ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பாயிண்ட் திறந்திருக்கும் நிலையில் அப்படி ஆட்டும்போது இடைவெளி மாறினால் மேல் தாங்கி தேய்ந்துவிட்டது. அந்த மோட்டாரில் நீங்கள் வைக்கும் எந்த இடைவெளியும் ஓட்டத்தில் நிற்காது.

ஆறாம் படி: பாயிண்ட்

நீண்ட நாள் கிடந்த மோட்டாரில் பொறி இல்லாமல் போவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். பாயிண்டின் இரண்டு முகங்களிலும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்துவிடும். பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. கண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். காயில், கண்டன்சர் ஒயர்களைப் பாயிண்டிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பாயிண்ட் மூடிய நிலையில் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். மீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் என்ன காட்டுகிறதோ அதுவேதான் இங்கும் காட்ட வேண்டும். அதற்கு மேல் எது காட்டினாலும் அழுக்கு. ஒயர்களைக் கழற்றாமல் அளந்தால் பயனில்லை. பிரைமரியின் தடையே ஒரு ஓம் அளவுதான் என்பதால், பாயிண்ட் திறந்திருந்தாலும் மீட்டர் மூடியதுபோலவே காட்டும்.

துடைப்பதற்கு 400 அல்லது 600 எண் உப்புத்தாளை இரு பக்கமும் உரசும்படி மடித்து, பாயிண்டுக்கு இடையே விட்டு நான்கைந்து முறை இழுங்கள். பிறகு வரும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: அச்சடிக்காத கெட்டி அட்டைத் துண்டை அசிட்டோனில் நனைத்து இழுங்கள், பிறகு உலர்ந்த அட்டையால் இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழாதவரை இதைத் தொடருங்கள். உப்புத்தாளின் மணல் துகள் ஒன்று இடையில் நின்றாலும் பொறி போய்விடும். முகங்களில் ஒன்று குழிந்து மற்றது மேடிட்டிருந்தால் துடைப்பதில் பொருளில்லை, புதிய பாயிண்ட் போடுங்கள்.

இனி இடைவெளி. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்கு 0.020 அங்குலம், அதாவது சுமார் 0.5 மில்லிமீட்டர். கேம் பாயிண்டை அதிகபட்சமாகத் திறந்திருக்கும் இடத்தில் இதை வைக்க வேண்டும். இந்த வகையில் பல மோட்டார்களில், ஷாஃப்டில் உள்ள கீ, பாயிண்டின் உரசும் கட்டைக்கு நேராக வரும்போது அந்த நிலை வரும். ஷாஃப்டைத் திருப்பும்போது மேலிருந்து பார்த்து வலஞ்சுழியாக, மோட்டார் ஓடும் திசையிலேயே திருப்புங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கைகள் மடிந்து போகும்.

ஃபீலர் கேஜை நுழைக்கும்போது அது லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும். தள்ளிக்கொண்டு போகும்படி இருந்தால் இடைவெளி குறைவு. தொங்கவிட்டால் விழுந்தால் அதிகம். திருகை இறுக்கும்போது பாயிண்ட் சற்றே நகரும், எனவே இறுக்கிய பிறகு மறுபடி அளந்தே ஆக வேண்டும். 0.018 தாராளமாகப் போக வேண்டும், 0.022 போகக்கூடாது. ஒரு எச்சரிக்கை: கடையிலிருந்து வரும் கேஜில் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசியிருக்கும். அதைத் துடைக்காமல் நுழைத்தால், இவ்வளவு நேரம் சுத்தம் செய்த பாயிண்டில் நீங்களே எண்ணெய் தடவியவர் ஆவீர்கள். கேஜை அசிட்டோனில் துடைத்துவிட்டு நுழைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒருமுறை அட்டையை இழுத்துவிடுங்கள். கேம் மீது கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் அது பாயிண்டுக்குத் தெறிக்கும்.

ஏன் இத்தனை நுணுக்கம்? இடைவெளியின் அளவு, பாயிண்ட் எந்தக் கணத்தில் திறக்கிறது என்பதையும் தீர்மானிக்கிறது. ஒரு சிலிண்டருக்கு 0.020, மற்றதற்கு 0.025 என்று வைத்தால் இரண்டுக்கும் பொறி விழும் நேரம் வேறுபடும். மெதுவான ஓட்டத்தில் மோட்டார் தள்ளாடும்.

கண்டன்சர்

இந்த மோட்டார்களில் கண்டன்சரின் அளவு 0.2 மைக்ரோஃபாரடைச் சுற்றி இருக்கும். கெப்பாசிட்டி அளக்கும் மீட்டரில் அது தெரியும். ஆனால் அழுத்தம் ஏறும்போது கசிகிறதா என்பதைச் சாதாரண மீட்டரால் சொல்ல முடியாது. பாயிண்டை மாற்றும்போது கண்டன்சரையும் மாற்றிவிடுங்கள். பாயிண்ட் சீக்கிரமே நீலம் பாய்ந்து தீய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏழாம் படி: காயில்

1950களின் பழைய காயில்களின் வெளிப்பூச்சு காலப்போக்கில் வெடித்துவிடும். பிரபலமான இரட்டைச் சிலிண்டர் மோட்டார்களில் இது எல்லோரும் அறிந்த குறை. வெடிப்பின் வழியாக ஈரம் உள்ளே போகிறது, வோல்ட் வெளியே வருகிறது. பளிச்சென்ற வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் பாருங்கள். மேலிருந்து முழுதாகத் தெரியும் காயிலின் அடிப்பக்கம் பிளந்திருப்பது சகஜம், எனவே கழற்றிப் பார்க்க வேண்டும். நூலிழைபோல ஒரு வெடிப்பு இருந்தாலும் புதியது போடுங்கள். இன்று பொறி வருகிறது என்பதற்காக விட்டுவைத்தால், கரையிலிருந்து தூரத்தில் இருக்கும்போது அது நின்று போகும்.

மீட்டரில் பிரைமரி ஒரு ஓம் அளவிலும், செகண்டரி சில ஆயிரம் ஓமிலும் காட்ட வேண்டும். எல்லையற்ற தடை என்றால் கம்பி அறுந்துவிட்டது. ஆனால் அளவு சரியாக இருப்பதால் காயில் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். மீட்டர் தருவது சில வோல்ட். காயில் வேலை செய்வது பல ஆயிரம் வோல்ட்டில், அதுவும் சூட்டில். மீட்டர் கெட்டதைக் காட்டிக்கொடுக்கும், நல்லதற்குச் சான்று தராது.

புதிய காயிலை மாட்டும்போது அதன் இரும்பு அச்சின் கால்கள், தட்டில் கடைந்து வைத்திருக்கும் மேடுகளின் வெளி விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். வெளியே நீட்டினால் ஃப்ளைவீலின் காந்தம் உரசும். உள்ளே தள்ளியிருந்தால் காற்றிடைவெளி கூடிப் பொறி மெலியும். விரல் நகத்தால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தால் தட்டுப்படக்கூடாது. அச்சிலும் காந்தத்தின் முகத்திலும் உள்ள துருவை நுண்ணிய உப்புத்தாளால் நீக்கிவிடுங்கள்.

தட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த பழுது

வேகம் கூட்டும்போது மட்டும் ஒரு சிலிண்டர் விடுபடுவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒரு இரட்டைச் சிலிண்டர் மோட்டார் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. மெதுவான ஓட்டத்தில் இரண்டு சிலிண்டரும் சீராக ஓடும். கைப்பிடியைத் திருப்பிப் பாதி வேகத்தைத் தாண்டினால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல ஒரு சிலிண்டர் போய்விடும். திரும்பக் குறைத்தால் வந்துவிடும். புதிய பிளக் போட்டேன், புதிய காயில் போட்டேன், பாயிண்டும் கண்டன்சரும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பொறிச் சோதனையில் நல்ல நீலப் பொறி. ஓடவிட்டால் அதே கதை.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. இந்த மோட்டார்களில் வேகக் கைப்பிடியைத் திருப்பினால் காயில்கள் அமர்ந்திருக்கும் தட்டே சுழல்கிறது. பொறியின் நேரம் முன்னே போவது அதனால்தான். நான் சோதித்ததெல்லாம் தட்டு மெது ஓட்ட நிலையில் இருக்கும்போது. மேசையில் வைத்து, பாயிண்டைத் திறந்த நிலையில் அட்டை கொடுத்து நிறுத்தி, காயில் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாயிண்டின் முனையிலும் மறு முனையை எர்த்திலும் மாட்டினேன். முள் அசையவில்லை. தட்டைக் கையால் மெல்ல முழு வேக நிலைக்குத் திருப்பினேன். பாதி வழியில் முள் துள்ளியது. தட்டைத் தூக்கிப் பார்த்தபோது, நிறுத்தும் பொத்தானுக்குப் போகும் துணியுறை ஒயர் எஞ்சினின் ஒரு கூர் விளிம்பில் வருடக்கணக்காக உரசி, கடுகளவு இடத்தில் செப்பு தெரிந்தது. தட்டு திரும்பும்போது அந்தக் கடுகளவு செப்பு எஞ்சினைத் தொடும், பிரைமரி எர்த்தாகும், பொறி போகும். ஒயரை மாற்றி, விளிம்பில் படாத வழியாகக் கொண்டுபோனேன். அன்றோடு தீர்ந்தது.

எனவே பொறிச் சோதனையையும் இந்த மீட்டர் சோதனையையும் தட்டு மெது நிலையில் ஒருமுறை, முழு வேக நிலையில் ஒருமுறை என்று இரண்டு தடவை செய்யுங்கள். பழைய துணியுறை ஒயர் உள்ளே இருந்தால் நல்லதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். தட்டைத் தாங்கும் திருகுகள் தளர்ந்து தட்டே ஆடுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பாயிண்ட் இல்லாத மோட்டாராக இருந்தால்

1970களின் பிற்பகுதியிலிருந்து சிறு மோட்டார்களும் சி.டி.ஐ. என்ற மின்னணு முறைக்கு மாறின. அங்கே பாயிண்ட் கிடையாது. ஃப்ளைவீலுக்கு அடியில் மின்னூட்டும் காயில், நேரம் சொல்லும் சென்சர் காயில், வெளியே ஒரு பவர் பேக் என்ற அமைப்பு. பொறி இல்லையென்றால் முதல் வேலை இங்கேயும் நிறுத்தும் ஒயரைக் கழற்றிப் பார்ப்பதுதான். டெஸ்டரின் இடைவெளியைச் சற்றுக் கூட்டி வைக்கலாம், ஏனென்றால் இதன் பொறி வலியது. அடுத்து எர்த் ஒயர்களின் முனைகளை உலோகம் தெரியச் சுத்தம் செய்யுங்கள். காயில்களின் வோல்ட்டை அளக்க உச்ச வோல்ட்டைக் காட்டும் மீட்டர் அல்லது அதற்கான அடாப்டர் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் அந்தக் குறுகிய துடிப்பைப் பிடிக்காமல் தவறான எண்ணைக் காட்டும். பவர் பேக்கைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். விலை உயர்ந்த பாகம் அதுதான், தேவையில்லாமல் மாற்றப்படுவதும் அதுதான்.

எட்டாம் படி: திரும்பப் பூட்டுவது

ஃப்ளைவீலின் உட்கூம்பையும் ஷாஃப்டின் வெளிக்கூம்பையும் அசிட்டோனில் துடைத்து முற்றிலும் உலர வையுங்கள். அங்கே எண்ணெயோ கிரீஸோ கூடாது. ஃப்ளைவீலைத் தாங்குவது அந்த இரு கூம்புகளின் உலர்ந்த பிடிப்புதான். கீ அதன் நிலையைக் காட்டும் அடையாளம் மட்டுமே. கீயை வைக்கும்போது அதன் வெளி விளிம்பு ஷாஃப்டின் நடு அச்சுக்கு இணையாக, நேராக நிற்க வேண்டும். கூம்பின் சரிவோடு சாய்ந்து நிற்கக்கூடாது. நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 5 முதல் 10 குதிரைத்திறன் வரையிலான பல பழைய இரட்டைச் சிலிண்டர்களுக்கு 40 முதல் 45 அடி-பவுண்டு. உங்கள் மோட்டாருக்குரிய எண்ணைக் கையேட்டில் பாருங்கள். பூட்டியதும் கையால் சுற்றி, எங்கும் உரசும் ஓசை வராததை உறுதி செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: சூட்டில் சோதனை

மோட்டாரைத் தண்ணீர் நிரம்பிய பெரிய பீப்பாயில் மாட்டி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் சில விநாடிகள்கூட வேண்டாம், பம்பின் ரப்பர் கருகிவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுவது நல்லது. கிளம்பியதும் ஒவ்வொரு சிலிண்டராகச் சோதியுங்கள். மோட்டாரை நிறுத்தி, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி எர்த் செய்து, மறுபடி கிளப்புங்கள். ஒரு சிலிண்டரில் அது தடுமாறியாவது ஓட வேண்டும். மற்றதற்கும் இப்படியே செய்யுங்கள். எந்தப் பக்கத்தை நீக்கினால் வேறுபாடே தெரியவில்லையோ அந்தப் பக்கம் வேலை செய்யவில்லை.

பிறகு இரண்டையும் மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள். காயிலின் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும். நடுவில் நின்றுவிட்டால், மோட்டார் ஆறுமுன், உடனே டெஸ்டரை மாட்டிப் பொறி பாருங்கள். அப்போது பொறி இல்லாமல், ஒரு மணி நேரம் ஆறியபின் அதே பக்கத்தில் பொறி திரும்பி வந்தால் அந்தக் காயிலை மாற்றுங்கள். சூட்டோடு பார்த்தபோதும் பொறி கால் அங்குலத்தைத் தாண்டிக் குதித்தால் இக்னிஷனை விட்டுவிட்டு, டாங்க் மூடியின் காற்றுத் துளையையும் எரிபொருள் குழாயையும் பாருங்கள்.